யார் வீட்டுக்கு முதலில்?

உங்களை ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். உடனே பதில் சொல்லிவிட வேண்டாம். கட்டுரையைப் படித்து முடித்துவிட்டு, காப்பி டம்ளரைக் கீழே வைத்த பிறகு சொன்னால் போதும்.

ஓர் ஊராட்சி ஒன்றியம். அதில் எத்தனையோ கிராமங்கள். அத்தனைக்கும் சேர்த்து, வீடு தேடிப் போய்ச் சிகிச்சை செய்ய ஒரே ஒரு பிஸியோதெரபிஸ்ட். 'இயன்முறைச் சிகிச்சையாளர்' என்று இப்போது நல்ல தமிழில் சொல்கிறார்கள். கிராமத்திலோ, 'கரண்ட் வைக்கிற டாக்டரம்மா' என்றால்தான் புரியும்! காலை ஒன்பது மணிக்கு வேன் புறப்படுகிறது. வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் மூன்று வீடுகளுக்குத்தான் போக முடியும். ஆனால் அந்தப் பெண்ணின் நோட்டுப் புத்தகத்தில் இருப்பவையோ ஐந்து பெயர்கள்.

எந்த மூன்று வீடு? யாரை விடுவது?

இது ஏதோ பரீட்சைக் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஐந்து பெயர்களில் ஒன்று என் பெரியம்மாவின் பெயர்.

நான் போட்ட அதட்டல்

வந்தவாசிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறார் என் பெரியம்மா. ஒன்பது மாதங்களுக்கு முன் ஒரு விடியற்காலையில், வாசல் தெளிக்க எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வாரம் ஒரு முறை வந்துகொண்டிருந்த பிஸியோதெரபிஸ்ட், சில மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை என்று குறைத்துக்கொண்டுவிட்டார்.

"கேட்பார் யாரும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது" என்று அண்ணன் போனில் புலம்பினான்.

நானோ பட்டணவாசி, போதாக்குறைக்குப் பத்திரிகைக்காரி. சும்மா இருப்பேனா? அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கி, ஓர் அதட்டலே போட்டுவிட்டேன். "வாரத்துக்கு மூன்று நாளாவது வர வேண்டாமா? வயதானவர்கள் என்றால் இளப்பமா?" என்றேன்.

அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு நிதானமான குரலில் பதில் வந்தது. "கோபப்படாதீங்க அக்கா. ஒரு நாள் என்னோட வேனிலே வந்து பாருங்க. அப்புறம் நீங்களே சொல்லுங்க, யார் வீட்டு நாளை எடுத்து உங்க பெரியம்மாவுக்குக் கொடுக்கலாம்னு."

சரி, பார்த்துவிடலாம் என்று புறப்பட்டுவிட்டேன்.

ஐந்து பெயர்கள்

அதற்கு முன் ஒரு விஷயம். இந்த வேன் கிராமத்துக்கு வந்ததே ரொம்பப் பழைய கதை அல்ல. 2021ஆம் வருஷம் ஆகஸ்டு 5ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை வியாதிக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு ஆதரவுச் சிகிச்சை, சிறுநீரக நோயாளிகளுக்கு டயாலிஸிஸ் பைகள் என்று வகுத்த அந்தத் திட்டத்தில் பிஸியோதெரபியும் ஒன்றாகச் சேர்ந்தது. 2024ல் ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு ஒன்று இதற்கு விருது கூட அளித்தது. ஒன்றியத்துக்கு ஒரு பிஸியோதெரபிஸ்ட், ஒரு நர்ஸ் என்பது ஏற்பாடு. முன்பு பூஜ்யமாக இருந்த இடத்தில் ஒன்று வந்தது பெரிய காரியம்தான். ஆனால் ஒன்று என்பது ஒன்றுதானே? அதை எங்கே வைப்பது என்பதில்தான் கஷ்டமெல்லாம் இருக்கிறது.

வேனில் உட்கார்ந்தபடி நோட்டைக் காட்டினார் அந்தப் பெண். முப்பது வயது கூட இராது.

முதல் பெயர், நாற்பத்தைந்து வயது விவசாயி. பக்கவாதம் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கிறார்.

இரண்டாவது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. புளி உலுக்க மரத்தில் ஏறி, விழுந்து, முதுகுத் தண்டு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை.

மூன்றாவது, இரண்டு வயதுப் பெண் குழந்தை. இன்னும் உட்கார வரவில்லை.

நான்காவது, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். முழங்கால் வலி. ஊரில் செல்வாக்கு உள்ளவர். தினமும் இரண்டு முறை போன் செய்து, "எப்போ வந்து கரண்ட் வைக்கப் போறே?" என்று கேட்கிறாராம்.

ஐந்தாவது, என் பெரியம்மா.

"அதிகமாகச் சத்தம் போடறவங்க வீட்டுக்கு முதலிலே போறதுதான் சுலபம் அக்கா" என்று சொல்லிச் சிரித்தார் அந்தப் பெண். நாலாம் நம்பர் பெரியவரைத்தான் சொன்னார். ஆனால் என் முகம்தான் சிவந்தது.

காத்திருக்க முடியாதது எது?

முதலில் விவசாயி வீடு. கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். மனைவி அவரைத் தூக்கி உட்கார வைப்பதற்காக, செயலற்ற கையைப் பிடித்து இழுத்தார். "ஐயோ, அந்தக் கையை இழுக்காதீங்கம்மா!" என்று ஓடினார் நம் டாக்டரம்மா. பக்கவாதத்தில் தோள்பட்டையைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருக்கும். கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவி, அந்த வலியே பிறகு பெரிய வியாதியாகிவிடும். தோளுக்குப் பின்னால் கை கொடுத்து எப்படி எழுப்புவது, கையைத் தலையணை மேல் எப்படி வைப்பது, கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை பழக்குவது என்பதையெல்லாம் அந்த அம்மாளையே செய்ய வைத்துப் பார்த்தார்.

"பக்கவாதத்திலே முதல் மூணு மாசம்தான் உடம்பு வேகமாகத் தேறும். இந்த வாரத்தை விட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது" என்றார் வழியில். என் பெரியம்மாவுக்கோ ஒன்பது மாதம் ஆகிவிட்டது. இப்போதும் முன்னேறலாம், ஆனால் அந்த வேகம் இராது. கணக்கு எனக்கு மெதுவாகப் புரிய ஆரம்பித்தது.

அடுத்தது மரத்திலிருந்து விழுந்த பிள்ளை. பின்புறத்தில் ஓரிடத்தில் தோல் சிவந்திருந்தது. அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம். இந்தச் சிவப்பை இன்றைக்குக் கவனித்தால் தலையணையோடு போகும். கவனிக்காவிட்டால் எலும்பு வரை புரையோடி, உயிரையே வாங்கிவிடும். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று நர்ஸ் தாயாரிடம் சொன்னார்.

"தம்பி, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

நடக்க வேண்டும் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்துக் கொண்டு நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவனோ, "தெருவுக்குப் போகணும் அக்கா. பசங்களைப் பார்த்து ஆறு மாசம் ஆச்சு" என்றான்.

சக்கர நாற்காலி இருந்தது. வாசலில் மூன்று படிகளும் இருந்தன! டாக்டரம்மா நோட்டில் சிகிச்சை என்ற இடத்தில் என்ன எழுதினார் தெரியுமா? 'கொத்தனார். சாய்வு மேடை.' ஊராட்சித் தலைவருக்கு அங்கேயே போன் போட்டார்.

வேலூரும் ஆய்க்குடியும்

படியை எடுப்பதும் ஒரு சிகிச்சையா என்று நீங்கள் கேட்கலாம். இதை நமக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் தமிழ்நாட்டிலேயே இருந்திருக்கிறார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் ஒரு கார் விபத்தில் முதுகுத் தண்டில் அடிபட்டு, கால்களின் இயக்கத்தை இழந்தார். மூலையில் உட்கார்ந்துவிடவில்லை அந்த அம்மையார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சை செய்து நிமிர்த்தினார். பிறகு நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாவதற்கு அவரே காரணமாக இருந்தார்.

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975ல் என்ஜினீயரிங் மாணவர். கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வில் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981ல் தம் கிராமத்திலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரைத்தான் சங்கத்துக்கு வைத்தார். அங்கே பிற்பாடு என்ன செய்தார்கள் என்பதுதான் நம் கதைக்கு முக்கியம். கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வளர்ச்சி தாமதமான குழந்தைகளின் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பின்னால் இருந்து நிபுணர்கள் வழி காட்டினார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

உலகமும் இதே வழிக்குத்தான் வந்து சேர்ந்தது. ஊனமுற்றவர்களுக்கு அவர்களுடைய ஊரிலேயே பயிற்சி கொடுப்பதற்காக உலக சுகாதார ஸ்தாபனம் 1989ல் ஒரு கைப்புத்தகம் வெளியிட்டது. அதை எழுதிய நால்வரில் ஒருவரான பத்மனி மென்டிஸ், நம் அண்டை நாடான இலங்கையைச் சேர்ந்த பிஸியோதெரபிஸ்ட். குடும்பத்தில் ஒருவரைப் பயிற்சியாளராக ஆக்குவதுதான் அந்தப் புத்தகத்தின் அடிப்படை யோசனை. மறுவாழ்வுச் சிகிச்சையால் பயன் பெறக்கூடியவர்கள் உலகத்தில் சுமார் 240 கோடிப் பேர் என்று 2020ல் ஒரு கணக்கு வெளிவந்தது. அதாவது ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். அத்தனை பேருக்கும் தினம் ஒரு நிபுணரை எங்கிருந்து அனுப்புவது?

மெஷினா, மனுஷியா?

மூன்றாவது வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். குழந்தையின் தாயார், "பட்டணத்திலே மெஷின் எல்லாம் இருக்காமே, அங்கே கொண்டு போனா சரியாயிடுமா?" என்று கேட்டார். போய் வர இரண்டு பஸ், ஓர் ஆட்டோ. கணவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். இலவச ஆஸ்பத்திரிதான், ஆனால் ஏழைக்கு அந்த இலவசமே எவ்வளவு செலவு பாருங்கள்!

டாக்டரம்மா எந்த மெஷினையும் எடுக்கவில்லை. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் ஒரு பழைய போர்வையைச் சுருட்டி வைத்தார். குழந்தையை அதற்குள் சாய்வாக உட்கார வைத்து, எதிரே ஒரு எவர்சில்வர் டப்பாவைத் தட்டினார். குழந்தை தலையைத் தூக்கிப் பார்த்தது! "சமைக்கும்போது, துணி மடிக்கும்போது இப்படி உட்கார வையுங்க. தினமும் பல தடவை. நான் மாசத்துக்கு நாலு மணி நேரம் வருவேன், நீங்க நாள் பூராவும் இருக்கீங்க" என்றார். மாவட்டத் தலைநகரில் குழந்தைகளுக்கான மையத்தில் ஒரு முறை முழுப் பரிசோதனை செய்துகொள்ளவும் சீட்டு எழுதிக் கொடுத்தார். எதற்குப் பட்டணம் வேண்டும், எதற்கு மூலைச்சுவர் போதும் என்று பிரிப்பதும் ஒரு வித்தைதான்.

முழங்கால் பெரியவர் என்ன ஆனார் என்கிறீர்களா? அவருக்கும் சிகிச்சை உண்டு. வியாழக்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். அவரால் வர முடியும். வீட்டில் வண்டி இருக்கிறது. முழங்கால் தேய்மானத்துக்குக் கரண்டைக் காட்டிலும், தொடைத் தசையைப் பலப்படுத்தும் அப்பியாசம்தான் நிலைத்த பலன் தரும். அதைத் தனியாகச் சொல்லித் தரவும் வேண்டியதில்லை. அதே வலியோடு உள்ள பத்துப் பெண்களை வேப்ப மரத்தடியில் பெஞ்சு போட்டு உட்கார வைத்து, காலை நீட்டி மடக்கச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் பதினோரு பேருக்கு வைத்தியம். பெரியவர் பெண்களோடு உட்கார முதலில் கூச்சப்பட்டாராம். இப்போது எண்ணிக்கை சொல்வதே அவர்தானாம்!

கேட்காதவர்கள்

மூன்று வீடும் முடிந்தன. பகல் பன்னிரண்டு மணி. வேனில் ஏறப் போகும்போது, அந்தத் தெருவின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் டாக்டரம்மாவைத் தனியே அழைத்துக் காதோடு ஏதோ சொன்னார். பக்கத்து வீட்டில் மூன்று குழந்தைகளுக்குத் தாயான ஒருத்தி. கொஞ்ச நாளாக நூறு நாள் வேலைக்குப் போவதில்லை. காரணம் புருஷனுக்கும் தெரியாது. மண் கூடையைத் தூக்கினால், இருமினால், சிரித்தால் கூடச் சிறுநீரை அடக்க முடியவில்லை. வெட்கத்தில் வேலையை விட்டுவிட்டாள்.

சகோதரிகளே, இதைப் படிக்கும்போது உங்களில் சிலர் மௌனமாகத் தலையை ஆட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அப்படியல்ல. இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் எளிய பயிற்சியைச் சரியாகக் கற்று, சில மாதங்கள் விடாமல் செய்தால் பலருக்கு இந்தத் தொல்லை குறையும் அல்லது நின்றே போகும். காசு வேண்டாம், கருவி வேண்டாம். சொல்லிக் கொடுக்க ஒரு பெண் வேண்டும். கேட்க ஒரு துணிவு வேண்டும்.

அவள் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. கேட்டவர்களுக்கு மட்டும் கொடுப்பதென்றால் அவளுக்கு ஒரு நாளும் கிடைக்காது. ஆகையால் எந்தச் சிகிச்சையை ஒரு கிராமத்துக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கிறவர்கள், வருகிற போன்களை எண்ணினால் போதாது. தெருத் தெருவாக விசாரிக்க வேண்டும். அப்படி விசாரித்ததையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். ஒரு காலத்தில் நம் கிராமங்களில் இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தைகள்தான் கண்ணில் பட்டார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையாகப் பரவும் அந்தக் கொடிய கிருமி புதிதாக ஒரு குழந்தையையும் தாக்கியதாகப் பதிவாகவில்லை. 2014ல் போலியோ ஒழிந்த நாடு என்ற சான்றிதழும் கிடைத்தது. இப்போது ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பக்கவாதமும் சாலை விபத்தும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. நோய் மாறினால் நோட்டும் மாறத்தானே வேண்டும்?

பெரியம்மாவின் ஆசை

அன்றைக்குப் பெரியம்மா வீட்டுக்கு வேன் வரவில்லை. நான் மட்டும் பஸ் பிடித்துப் போனேன்.

வெட்கத்தோடு ஒன்று சொல்கிறேன். ஒன்பது மாதமாக நாங்கள் எல்லோரும், "பெரியம்மா எப்போது நடப்பார்?" என்று டாக்டர்களைத்தான் கேட்டோமே தவிர, அவருக்கு என்ன வேண்டும் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. அன்று கேட்டேன்.

திக்கித் திக்கிச் சொன்னார். "கொல்லைக்கு... நானாப் போகணும்டி. மருமக... எத்தனை நாளைக்கு... பாவம்."

அண்ணி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தை, நான் எப்பவாவது முகம் சுளிச்சேனா?" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

அந்த இரவே டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். அதட்டுவதற்கல்ல. "வாரம் மூன்று நாள் வேண்டாம். பதினைந்து நாளைக்கு ஒரு முறையே போதும். ஆனால் கட்டிலிலிருந்து கொல்லைக் கதவு வரை இருபத்திரண்டு அடி. அதற்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டேன்.

"அடடா, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா!" என்றார் அவர். அடுத்த முறை வந்தபோது அண்ணிக்கு ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. சுவரோரமாக இடுப்பு உயரத்துக்கு ஒரு மூங்கில் கழியை அண்ணன் கட்டினான். வாசற்படிக்கு மரப்பலகை, கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, உட்கார ஒரு நாற்காலி. முதல் வாரம் நாலு அடி. அடுத்த வாரம் ஏழு. ஒரு நாள் வழுக்கி உட்கார்ந்துவிட்டார்; எல்லோரும் பயந்துபோனார்கள். மறுநாள் அவரே கழியைக் காட்டி, "ம்" என்றாராம்.

சென்ற வாரம் அண்ணி போன் செய்தாள். பெரியம்மா கொல்லைக் கதவு வரை போய்விட்டார். கை இன்னும் வரவில்லை. ஒருவேளை வராமலே போகலாம். கூடவே அண்ணியும் ஓரடி பின்னால் நடக்கிறாள். ஆனால் பிடித்துக்கொள்வதில்லை.

இப்போது என் கேள்விக்கு வருவோம். யார் வீட்டுக்கு முதலில்? தள்ளிப்போட்டால் யாருக்குத் திரும்பக் கிடைக்காதோ, அவர் வீட்டுக்கு முதலில். வரக்கூடியவர்களுக்கு மரத்தடி, வர முடியாதவர்களுக்கு வேன். எந்த வீட்டில் கற்றுக்கொள்ள ஒரு கை இருக்கிறதோ, அங்கே அந்தக் கைக்குப் பாடம். கேட்கத் தெரியாதவள் வீட்டுக் கதவை நாமே போய்த் தட்ட வேண்டும்.

இதெல்லாம் அதிகாரிகள் தீர்மானிக்கிற விஷயம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். உங்களுக்கும் ஊரில் ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ இருப்பார். அடுத்த முறை போகும்போது ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவீர்கள். போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன செய்ய ஆசை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு, கட்டிலிலிருந்து அந்த இடம் வரை எத்தனை அடி என்று அளந்து பாருங்கள்.